பிரிஞ்சதுக்கு அப்புறம் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேக்குறது எப்படி: ஆரம்பத்துல இருந்து முழு வழிகாட்டி

பிரிஞ்சு வந்த முதல் சில மாசம் எல்லாரும் சமாதானம் ஆயிடும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள ஸ்கூல் ஃபீஸ் கட்டுற டைம் வந்துரும், நகை அடகுக்குப் போயிரும், தாத்தாவோட பென்ஷன்ல பேரப்பிள்ளைக்குப் பால் வாங்குவாங்க, அப்பவும் "கோர்ட்டுக்குப் போனா சேர்ந்து வாழ வழியே இல்லாம போயிருமோ"ன்னு பயந்து சும்மா இருப்பாங்க. நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணு தான். பிள்ளைக்கு வர வேண்டிய பணம் வேற, உங்க ரெண்டு பேரு சண்டை வேற. தப்பு யார் மேலன்னு முடிவாகுறதுக்கு வருஷக்கணக்கா ஆகலாம், ஆனா பிள்ளைக்குப் பசி அதுவரைக்கும் நிக்காது. சட்டமும் இதைப் பிரிச்சு தான் பாக்குது, நாம தான் கலந்து குழப்பிக்கிறோம். இது இந்திய சட்டப்படி, முக்கியமா தமிழ்நாட்டு கோர்ட்டுகள்ல நடக்குற மாதிரி எழுதினது. உங்க கேஸுக்கு ஒரு வக்கீல் கட்டாயம் பாக்கணும், ஆனா வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடியே இதெல்லாம் தெரிஞ்சிருந்தா பாதி அலைச்சல் குறையும்.

யாருக்கெல்லாம் கேக்கலாம்

18 வயசு ஆகாத எந்தப் பிள்ளைக்கும் கேக்கலாம். முறைப்படி கல்யாணம் ஆகாம பிறந்த பிள்ளைக்கும், ரெண்டாவது கல்யாணத்துல பிறந்த பிள்ளைக்கும் இதே உரிமை இருக்கு, அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு சொல்லி தகப்பன் தப்பிக்க முடியாது. 18 தாண்டியும் உடல் குறைபாடோ மனவளர்ச்சிக் குறைபாடோ இருந்து தன்னைத்தானே பாத்துக்க முடியாத பிள்ளைக்கும் கேக்கலாம்.

இன்னொரு பெரிய பயம், "நான் தான் வீட்டை விட்டு வெளிய வந்தேன், என் மேல குத்தம் சொல்லுவாங்க, அப்ப பிள்ளைக்கும் கிடைக்காதோ"ங்கிறது. மனைவிக்கு ஜீவனாம்சம் மறுக்குறதுக்கு சட்டத்துல சில காரணங்கள் இருக்கு, வேற ஒருத்தரோட வாழுறது, சரியான காரணம் இல்லாம சேர்ந்து வாழ மறுக்குறது இப்படி. அது எதுவும் பிள்ளைக்குப் பொருந்தாது. அம்மா மறுமணம் பண்ணிக்கிட்டாலும் அப்பாவோட கடமை அப்படியே தான் இருக்கு. அம்மா வேலைக்குப் போறாங்க, நல்லா சம்பாதிக்கிறாங்கன்னா தொகையைப் பிரிச்சுக்கச் சொல்லலாம், அதுக்காக அப்பா ஒண்ணுமே தரத் தேவையில்லன்னு ஆகாது.

எந்த சட்டத்துல போடுறது

பழைய சிஆர்பிசி, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 125 தான் எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. 2024 ஜூலை 1ல இருந்து அந்த இடத்துல பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமா பிஎன்எஸ்எஸ், பிரிவு 144 வந்துருச்சு. விஷயம் கிட்டத்தட்ட அதே தான், நம்பர் மாறியிருக்கு. பழைய நம்பரைப் பாத்து பயப்பட வேண்டாம், வக்கீல்கள் இன்னும் பேச்சு வழக்குல 125ன்னு தான் சொல்றாங்க. இது எந்த மதத்துக்காரங்களுக்கும் பொதுவானது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதுல கேக்க உரிமை உண்டுன்னு 1997லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு. முன்னாடி மாசத்துக்கு 500 ரூபாய்க்கு மேல தர முடியாதுன்னு ஒரு உச்சவரம்பு இருந்துச்சு, அதை 2001ல எடுத்துட்டாங்க, இப்ப அப்படி எந்த வரம்பும் இல்ல.

அடி, உதை, மிரட்டல், காசு தராம வதைக்கிறது இதெல்லாம் நடந்திருந்தா 2005ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துலயும் போகலாம். அதுல பிரிவு 20ல பிள்ளைகளுக்கும் சேர்த்து பண நிவாரணம் கேக்கலாம், கூடவே தங்குற இடம், பாதுகாப்பு உத்தரவு, பிள்ளையைத் தற்காலிகமா தன்கிட்ட வெச்சுக்குறது எல்லாம் ஒரே மனுல கேக்கலாங்கிறது பெரிய வசதி. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அதிகாரி இருப்பாங்க, அவங்க மூலமாவும் மனு கொடுக்கலாம்.

ஏற்கெனவே டைவர்ஸ் கேஸ் ஓடிக்கிட்டு இருக்குன்னா அதே கோர்ட்டுல இந்து திருமணச் சட்டம் பிரிவு 26ல பிள்ளையோட பராமரிப்பு, படிப்புச் செலவு கேக்கலாம். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல கல்யாணம் பண்ணவங்களுக்குப் பிரிவு 38, கிறிஸ்தவங்களுக்கு 1869ஆம் வருஷ விவாகரத்துச் சட்டத்துல பிரிவு 43 இருக்கு. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956, பிரிவு 20 தனியா இருக்கு, அதுல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரெண்டு பேருக்குமே கடமை உண்டு. பிள்ளை அப்பாகிட்ட வளருது, அம்மா தான் நல்ல வேலையில இருக்காங்கன்னா அப்பா பிள்ளைக்காக இதுல கேக்கலாம், பிரிவு 26லயும் கேக்கலாம்.

என் கருத்து, அவசரமா மாசச் செலவு தான் பிரச்சனைன்னா 144ல தொடங்குங்க. ரெண்டு மூணு சட்டத்துலயும் போடலாம், தடை இல்ல, ஆனா ஒரு இடத்துல கிடைச்ச ஆர்டரை இன்னொரு இடத்துல மறைக்கக் கூடாது. ஒரு கோர்ட் போட்ட தொகையை அடுத்த கோர்ட் கணக்குல எடுத்துக் கழிச்சுரும். மறைச்சது தெரிஞ்சா உங்க பேச்சு மேல இருக்கிற நம்பிக்கையே போயிரும்.

ஸ்டேஷன்லயும் பஞ்சாயத்துலயும் எழுதி வாங்குறது

முக்கால்வாசிப் பேர் முதல்ல போறது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு தான். அங்க புகார் வாங்கினதுக்கு சிஎஸ்ஆர்னு ஒரு ரசீது போட்டு ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசி "மாசம் இவ்வளவு தர்றேன்"னு எழுதி கையெழுத்து வாங்குவாங்க. மிரட்டல் இருக்கு, நகை, சர்டிஃபிகேட் எல்லாம் அங்க மாட்டிக்கிச்சுன்னா ஸ்டேஷனுக்குப் போகத்தான் வேணும். ஆனா ஜீவனாம்சம் நிர்ணயிக்குற அதிகாரம் போலீஸுக்குக் கிடையாது, அங்க எழுதிக் கொடுத்த பேப்பரை வெச்சு அவர் தரலன்னா வசூல் பண்ண முடியாது. அவர் பொறுப்பை ஒத்துக்கிட்டதுக்கு ஒரு சாட்சியா மட்டும் உதவும். அதனால அந்த பேப்பரோட நகலை வாங்கி வெச்சுக்கோங்க, அதை நம்பி ஒரு வருஷம் உக்காந்திராதீங்க.

ஊர்ப் பெரியவங்க முன்னாடி முத்திரைத்தாள்ல "மொத்தமா இவ்வளவு வாங்கிக்கிட்டேன், இனிமே எனக்கும் என் பிள்ளைக்கும் எந்தப் பாத்தியதையும் இல்ல"ன்னு கையெழுத்துப் போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க, அதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சு வாழ்க்கை பூரா கஷ்டப்படுறாங்க. ஆனா அதோட எதுவும் முடிஞ்சு போகல. பிள்ளையோட உரிமையை அம்மா எழுதிக் கொடுத்து விட்டுத்தர முடியாது. அந்தப் பத்திரம் இருந்தாலும் பிள்ளை பேர்ல பெட்டிஷன் போடலாம்.

பேசித் தீக்கணும்னு ரெண்டு பக்கமும் உண்மையாவே நினைச்சா அதுக்கு சரியான இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. கேஸ் போடுறதுக்கு முன்னாடியே அங்க மனு கொடுத்து சமரசம் பேசலாம், லோக் அதாலத்துல முடிஞ்சு போடுற உத்தரவுக்கு கோர்ட் தீர்ப்புக்கு இருக்கிற அதே பலம் உண்டு. இலவச வக்கீலும் அங்க தான் கிடைக்கும். 1987ஆம் வருஷ சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, "நீங்க வேலைக்குப் போறீங்களே"ன்னு யாராவது திருப்பி அனுப்பினா இதை எடுத்துச் சொல்லுங்க. 15100க்கு ஃபோன் பண்ணாலும் வழி சொல்வாங்க, வன்முறை, அவசரம்னா 181.

பிள்ளையோட செலவுக் கணக்கு, இதுக்கு நேரம் ஒதுக்குங்க

இந்த வேலையில தான் கேஸ் பலமாகுது, ஆனா இதைத் தான் யாரும் செய்றதில்ல. "மாசம் 15,000 வேணும்"னு சும்மா ஒரு நம்பர் போட்டா எதிர்ப்பக்க வக்கீல் "எதுக்கு 15,000?"ன்னு கேட்ட உடனே பதில் இருக்காது. சட்டத்துல இவ்வளவு சதவீதம்னு பிள்ளைக்கு எந்த ஃபார்முலாவும் கிடையாது, ஜட்ஜ் பாக்குறது பிள்ளையோட தேவை, அப்பா அம்மாவோட வசதி, சேர்ந்து இருந்தப்ப பிள்ளை வாழ்ந்த வாழ்க்கைத் தரம், இது தான். அப்ப தேவையை நீங்க தான் கண்ணுல காட்டணும்.

ஒரு நோட்டு எடுத்துக்கோங்க. மாசா மாசம் வர்ற செலவு ஒரு பக்கம்: சாப்பாடு, பால், வாடகையில பிள்ளையோட பங்கு, கரண்ட், ஸ்கூல் வேன், டியூஷன், மருந்து, நீங்க வேலைக்குப் போனா பிள்ளையைப் பாத்துக்குற ஆளுக்கோ கிரெச்சுக்கோ கொடுக்குறது. வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ வர்றது இன்னொரு பக்கம்: ஸ்கூல் ஃபீஸ், புக்ஸ், யூனிஃபார்ம், ஷூ, தீபாவளி பொங்கல் துணி, இன்சூரன்ஸ் பிரீமியம், பல் டாக்டர், கண்ணாடி. இந்த ரெண்டாவது பக்கத்தைத் தான் எல்லாரும் மறந்துடுறாங்க. வருஷத் தொகையை 12ஆல வகுத்து மாசக் கணக்குல சேருங்க. உதாரணத்துக்கு ஸ்கூல் ஃபீஸ் வருஷத்துக்கு 48,000, புக்ஸ் யூனிஃபார்ம் 9,000, துணி 6,000ன்னா மொத்தம் 63,000, மாசத்துக்கு 5,250. சாப்பாடு, வாடகை எதுவும் சேக்கலைங்க, அதுக்கு முன்னாடியே 5,250. இதை எழுதாம விட்டா மாசச் செலவு மட்டும் ஆர்டர்ல வரும், ஜூன் மாசம் வந்தா மறுபடி நகைக் கடன் தான்.

ஒவ்வொரு வரிக்கும் முடிஞ்ச அளவு ரசீது வையுங்க. கடையில பில் கிடைக்காதுன்னா ஜிபே, ஃபோன்பே ஹிஸ்டரி இருக்கு, அதை டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஸ்கூல்ல ஃபீஸ் விவரம் லெட்டர்பேட்ல கேட்டா கொடுப்பாங்க. பிள்ளைக்கு ஆஸ்துமா, பேச்சுப் பயிற்சி, தெரபி மாதிரி தொடர்ந்து செலவு இருந்தா டாக்டர் லெட்டர் தனியா வாங்குங்க. கணக்கை ஊதிப் பெருக்காதீங்க, ஒரே ஒரு பொய்யான வரி மாட்டினா மிச்ச இருபது உண்மையான வரியும் சந்தேகத்துல போயிரும்.

அவரோட வருமானத்தை எப்படிக் காட்டுறது

"எனக்கு வேலையே இல்ல"ன்னு கோர்ட்டுல சொல்றது ரொம்ப சாதாரணம். கேஸ் வந்த மாசமே வேலையை விட்டுட்டேன்னு ராஜினாமா லெட்டர் காட்டுறவங்களும் இருக்காங்க. உடம்பு நல்லா இருக்கிற மனுஷன் கூலி வேலை செஞ்சாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாத்தணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும் சொல்லியிருக்கு, அதனால வேலை இல்லங்கிற ஒரு பதில் மட்டும் அவரைக் காப்பாத்தாது. ஆனாலும் தொகை நல்லபடியா வரணும்னா வருமானத்துக்கு ஏதாவது ஆதாரம் வேணும்.

உங்க கையில ஏற்கெனவே இருக்கிறதை முதல்ல தேடுங்க. பழைய சம்பள சிலிப் ஃபோட்டோ, ஆஃபர் லெட்டர், கம்பெனி ஐடி கார்டு, வீட்டுக் கடன் விண்ணப்பம், பிள்ளை ஸ்கூல் அட்மிஷன் ஃபாரம்ல "தந்தையின் வருமானம்"னு அவரே எழுதினது, கல்யாணப் பேச்சு நடந்தப்ப கொடுத்த பயோடேட்டா. அந்த அட்மிஷன் ஃபாரம் ரொம்ப நல்ல ஆதாரம், அவர் கைப்பட எழுதினது. நிலம், வீடு இருக்கு, சர்வே நம்பர் தெரியும்னா பதிவுத்துறை வெப்சைட்ல வில்லங்கம் பாக்கலாம், பட்டா சிட்டா பாக்கலாம். சொந்தத் தொழில்னா கடை போர்டு ஃபோட்டோ, ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லு. ஃபேஸ்புக், இன்ஸ்டால போட்ட கார், வெளிநாட்டு டூர் ஃபோட்டோ எல்லாம் உதவும், ஆனா ஸ்கிரீன்ஷாட் மாதிரி எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63ல ஒரு சர்டிஃபிகேட் சேக்கணும், வக்கீல்கிட்ட மறக்காம சொல்லுங்க. அவர் மெயிலுக்குள்ள, பேங்க் ஆப்புக்குள்ள பாஸ்வேர்டு போட்டு நுழையுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவே உங்க மேல குற்ற வழக்கா திரும்பும்.

கையில எதுவுமே இல்லன்னாலும் பயப்படாதீங்க. 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹாங்கிற வழக்குல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு நாடு முழுக்க எல்லா ஜீவனாம்ச வழக்குக்கும் பொருந்தும். அதுப்படி ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாத்தையும் ஒரு குறிப்பிட்ட ஃபார்மட்ல பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணியே ஆகணும். எதிர்ப்பக்கம் அதிகபட்சம் நாலு வாரத்துல போடணும், இழுத்தடிச்சா அவரோட பதிலை ஒதுக்கிட்டு கோர்ட் முடிவெடுக்கலாம், பொய் சொன்னா பொய் சாட்சிக்கு நடவடிக்கை எடுக்கலாம். இந்த பத்திரத்தைத் தாக்கல் பண்ணச் சொல்லுங்கன்னு முதல் வாய்தாவுலயே உங்க வக்கீல் கேக்கணும். பல இடங்கள்ல யாரும் கேக்கலன்னா அப்படியே விட்டுருவாங்க. அவர் கம்பெனியில இருந்து சம்பள விவரத்தை வரவழைக்கச் சொல்லி கோர்ட்டுல தனி மனு போடவும் வழி இருக்கு.

இதே பத்திரம் நீங்களும் போடணும். உங்க சம்பளம், உங்க நகை, உங்க பேர்ல இருக்கிற எஃப்டி எல்லாம் உள்ளபடி எழுதுங்க. அம்மாவுக்கு வருமானம் இருக்குங்கிறதால பிள்ளை கேஸ் தோக்காது, மறைச்சா தான் சிக்கல்.

பெட்டிஷன் போடுறது

குடும்பநல நீதிமன்றம் உங்க ஊர்ல இருந்தா அங்க, இல்லன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல. நீங்க இப்ப இருக்கிற ஊர்லயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்ல, இது நிறைய பேருக்குத் தெரியாது. மெட்ராஸ்ல கல்யாணம் ஆகி அங்கயே வாழ்ந்தாலும் இப்ப மதுரையில அம்மா வீட்டுல இருக்கீங்கன்னா மதுரையிலயே போடலாம்.

பெட்டிஷன்ல கவனிக்க வேண்டியது சிலது. பிள்ளையைத் தனி மனுதாரரா சேக்கணும், மைனர்ங்கிறதால அம்மா மூலமா மனு போடுறதா இருக்கும். உங்களுக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவுன்னு தொகையைப் பிரிச்சுக் கேளுங்க, ரெண்டு பிள்ளைன்னா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. மொத்தமா ஒரு தொகை கேட்டா நாளைக்கு உங்க உரிமை மேல அவர் ஏதாவது தகராறு பண்ணா பிள்ளைப் பணமும் சேர்ந்து மாட்டிக்கும். நான் ஆரம்பத்துல சொன்ன "பிள்ளை பணம் வேற, உங்க சண்டை வேற"ங்கிறது நடைமுறையில இந்த ஒரு பத்தியில தான் நடக்குது, வக்கீல் டிராஃப்ட் காமிக்கும்போது இதை முதல்ல பாருங்க. அப்புறம் "மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து" தரணும்னு கேட்டிருக்கான்னு பாருங்க. தேதி தான் காசு, நீங்க மனு போடாம தள்ளிப்போட்ட மாசங்களுக்கு சாதாரணமா எதுவும் கிடைக்காது. கடைசியா, பணம் எந்த பேங்க் அக்கவுன்ட்டுக்கு வரணும்ங்கிறதையும் எழுதச் சொல்லுங்க, பிள்ளை பேர்ல மைனர் அக்கவுன்ட் திறந்து அந்த நம்பரையே கொடுத்தா இன்னும் நல்லது, எது வந்துச்சு எது வரலன்னு பாஸ்புக்கே பேசும்.

மெயின் பெட்டிஷனோடவே இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் மனு போட்டுருங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, மெயின் கேஸ் முடிய எவ்வளவு நாளாகும்னு யாரும் சொல்ல முடியாது. கூட வைக்க வேண்டியது: பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், ஆதார், கல்யாணச் சான்று இல்லன்னா பத்திரிகை ஃபோட்டோ, ஸ்கூல் போனஃபைட், செலவு ரசீதுகள், அவரோட வருமான ஆதாரம், சொத்து விவர பிரமாணப் பத்திரம். எல்லாத்துலயும் மூணு செட் ஜெராக்ஸ். கேஸுக்கு நம்பர் ஆகுறதுக்கு முன்னாடி கோர்ட் ஆபீஸ்ல ஏதாவது குறை சொல்லி ரிட்டர்ன் போடுவாங்க, அது கேஸ் தள்ளுபடி ஆனதில்ல, சரி பண்ணித் திருப்பிப் போடுறது தான். நம்பர் ஆனதும் எம்.சி. நம்பர் (ஜீவனாம்ச கேஸ் நம்பர்) வாங்கிக்கோங்க, ஒவ்வொரு கேஸுக்கும் தனியா கொடுக்குற சிஎன்ஆர் நம்பர் இருந்தா இ-கோர்ட்ஸ் ஆப்ல அடுத்த வாய்தா என்னைக்குன்னு நீங்களே பாத்துக்கலாம்.

நோட்டீஸ்ல இருந்து இடைக்கால ஆர்டர் வரைக்கும்

அதிகமா இழுக்குறது நோட்டீஸ் சேர்ற கட்டம். வீடு பூட்டியிருக்கு, ஆள் இல்லன்னு திரும்பி வரும். அவரோட வீட்டு அட்ரஸ், ஆபீஸ் அட்ரஸ், வாட்ஸ்அப் நம்பர், மெயில் எல்லாத்தையும் ஆரம்பத்துலயே கொடுத்துருங்க, எலக்ட்ரானிக்கா சம்மன் அனுப்ப புதிய சட்டத்துல இடம் இருக்கு. வேணும்னே வராம இருந்தா அவர் இல்லாமலே விசாரிச்சு கோர்ட் எக்ஸ்பார்ட்டி ஆர்டர் போடலாம். அவர் மூணு மாசத்துக்குள்ள வந்து சரியான காரணம் காட்டினா அதை நீக்க வாய்ப்பு உண்டு, அதனால எக்ஸ்பார்ட்டி ஆச்சுன்னு ஆதாரத்தைத் தூக்கிப் போட்டுறாதீங்க.

அவர் வந்ததும் கவுன்சிலிங்குக்கு அனுப்புவாங்க. சேர்ந்து வாழுங்கன்னு தான் பேசுவாங்க, சில நேரம் அது அழுத்தமாவும் இருக்கும். உங்க முடிவை அமைதியா சொல்லுங்க, கூடவே "பேச்சு நடக்கிற வரைக்கும் பிள்ளை செலவுக்கு மாசம் ஏதாவது போடச் சொல்லுங்க"ன்னு அங்கயே கேளுங்க. சட்டத்துல, நோட்டீஸ் சேர்ந்த நாள்ல இருந்து முடிஞ்ச அளவு 60 நாளுக்குள்ள இடைக்கால மனுவை முடிக்கணும்னு இருக்கு, ரஜ்னேஷ் தீர்ப்பும் நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள முடிக்கச் சொல்லுது. நடைமுறையில தாண்டும். தாண்டினா ஒவ்வொரு வாய்தாவுலயும் இதை ஞாபகப்படுத்தணும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலன்னு ஸ்கூல் நோட்டீஸ் கொடுத்திருந்தா அதைக் கையில வெச்சு ஜட்ஜ்கிட்டயே சொல்லலாம். குடும்பநல கோர்ட்டுல கட்சிக்காரங்க நேரடியா பேசலாம், பயப்பட ஒண்ணும் இல்ல.

இந்தக் கட்டத்துல ரொம்ப மனசு நோகுற மாதிரி ஒண்ணு வரும், "பிள்ளை எனக்குப் பிறந்ததே இல்ல, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கணும்"னு. உடைஞ்சு போயிராதீங்க. கல்யாண உறவு இருக்கும்போது பிறந்த பிள்ளை அந்தப் புருஷனோட பிள்ளை தான்னு சட்டமே எடுத்துக்குது, அவங்க ரெண்டு பேரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லன்னு அவர் தான் நிரூபிக்கணும். கேட்ட உடனே டிஎன்ஏ டெஸ்டுக்கு உத்தரவு போடக் கூடாது, பிள்ளையோட நலனைப் பாக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட் திரும்ப வலியுறுத்தியிருக்கு.

குறுக்கு விசாரணையில கேக்குற கேள்விகள்

ஏன் பிரைவேட் ஸ்கூல்ல சேத்தீங்க, கவர்மென்ட் ஸ்கூல் இல்லையா? உங்க அப்பா தான் பாத்துக்குறாரே? நீங்க டிகிரி படிச்சவங்க தானே, ஏன் வேலைக்குப் போகல? பெரும்பாலும் இதையே தான் சுத்திச் சுத்தி கேப்பாங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் சின்னதா, உண்மையா பதில் சொன்னா போதும். பிரிவுக்கு முன்னாடியே அதே ஸ்கூல்ல தான் படிச்சான், சேத்ததே அவர் தான். அப்பா பாத்துக்குறாரு, ஆனா கடமை அவருக்கில்ல. புருஷன் பண்ண கொடுமையை எல்லாம் அங்க சொல்லி அழணும்னு தோணும், தோணுறதுல தப்பே இல்ல, ஆனா அந்த நேரத்தை பிள்ளையோட கணக்குக்கு வெச்சுக்கோங்க.

ஆர்டர் வந்தாச்சு, பணம் வரல

சர்டிஃபைடு காப்பிக்கு அன்னைக்கே அப்ளை பண்ணுங்க. பணம் வராத முதல் மாசத்துல இருந்தே கணக்கு எழுதுங்க. இப்ப நான் சொல்ற ஒரு விதியைத் தவற விட்டு நிறைய பேர் நிறைய பணத்தை இழந்திருக்காங்க: ஒரு மாசத் தொகை எந்தத் தேதியில பாக்கி ஆச்சோ அதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போடணும். போடலன்னா அந்த மாசத்துக்கு வாரன்ட் கேக்க முடியாது. "மொத்தமா சேரட்டும், ஒரே தடவையா போடலாம்"னு ரெண்டு மூணு வருஷம் காத்திருக்காதீங்க. மூணு நாலு மாசம் பாக்கி ஆனதுமே போடுங்க, அப்புறம் பாக்கி ஆக ஆக அடுத்தடுத்து போடுங்க.

மனு போட்டா கோர்ட் அவர் சொத்தை ஜப்தி பண்ண வாரன்ட் போடலாம், அதுக்கப்புறமும் தரலன்னா ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டா கடன் தீந்துச்சுன்னு நினைப்பாங்க, தீராது, 1989லயே சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிருச்சு. அவர் மாசச் சம்பளக்காரர்னா சம்பளத்துல பிடிக்கச் சொல்றது தான் நல்ல வழி. ஜீவனாம்ச டிக்ரிக்கு சிவில் முறையில சம்பளத்தை ஜப்தி பண்ணும்போது மூணுல ஒரு பங்கை மட்டும் விட்டுட்டு மீதியைப் பிடிக்க இடம் இருக்கு. குடும்ப வன்முறைச் சட்டத்துல போட்டிருந்தா பிரிவு 20ல கம்பெனியே சம்பளத்துல இருந்து நேரா உங்களுக்கு அனுப்பணும்னு உத்தரவு கேக்கலாம். வெளிநாட்டுல இருக்காருன்னா இங்க அவர் பேர்ல இருக்கிற வீடு, நிலம், பேங்க் டெபாசிட் விவரத்தை முன்கூட்டியே சேத்து வையுங்க, வசூல் அது மேல தான் நடக்கும்.

விலைவாசி ஏறிருச்சு, பிள்ளை ஒன்பதாவது போயிட்டான், ட்யூஷன் கூடிருச்சு, அவருக்குப் பிரமோஷன் வந்துருச்சு, இப்படி நிலைமை மாறினா தொகையைக் கூட்டித் தரச் சொல்லி பிஎன்எஸ்எஸ் பிரிவு 146ல மனு போடலாம். பழைய ஆர்டர் தொகையே கடைசி வரைக்கும்னு இல்ல.

இதோட ஒண்ணு. பணம் தரலங்கிறதுக்காக பிள்ளையைப் பாக்க விடாம பண்ணாதீங்க. அவரும் பாக்க விடலங்கிறதுக்காகப் பணத்தை நிறுத்த முடியாது. கோர்ட் ரெண்டையும் தனித்தனியா தான் பாக்குது, பிள்ளைக்கு ரெண்டுமே வேணும்.

பணம் கொடுக்குற பக்கம் இருக்கிறவங்களுக்கு

கொடுக்கணும்னு மனசு இருக்கிற அப்பாக்களும் இதைத் தேடிப் படிக்கிறாங்கன்னு தெரியும். கையில காசா கொடுக்காதீங்க, பேங்க்ல போடுங்க, "பள்ளிக் கட்டணம் ஜூன்"னு குறிப்பு எழுதுங்க. பொம்மை, துணி வாங்கிக் கொடுத்ததை ஜீவனாம்சத்துல கழிக்க முடியாது, ஸ்கூல் ஃபீஸ் நேரடியா கட்டுறதா இருந்தா அதை ஆர்டர்லயே எழுத வையுங்க. வேலை போச்சு, உடம்புக்கு முடியலன்னா பணத்தை நிறுத்திட்டு ஒளிஞ்சுக்காதீங்க, உடனே அதே பிரிவு 146ல குறைக்கச் சொல்லி மனு போடுங்க, மனு போடாம விட்ட ஒவ்வொரு மாசமும் பாக்கியா ஏறிக்கிட்டே தான் போகும்.

ரெண்டு பேரும் சம்மதிச்சு மியூச்சுவல் டைவர்ஸ்ல முடிக்கும்போது

சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருக்கிற மனநிலையில தான் அந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவீங்க, அதனால இதை முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. மாசத் தொகை எவ்வளவு, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், எந்தத் தேதிக்குள்ள வரணும், ஃபீஸ் யார் கட்டுவா, மெடிக்கல் இன்சூரன்ஸ்ல பிள்ளை பேரை யார் வெச்சிருப்பா, திடீர்னு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா எப்படிப் பிரிக்கிறது. மொத்தத் தொகையா தர்றாங்கன்னா பிள்ளை பங்கை உங்க பங்கோட கலக்காம பிள்ளை பேர்ல எஃப்டியா போடச் சொல்லி ஒப்பந்தத்துலயே எழுதுங்க. "பிள்ளைக்கு எதிர்காலத்துல எதுவும் கேக்க மாட்டேன்"னு ஒரு வரி டிராஃப்ட்ல வந்தா அதை எடுக்கச் சொல்லுங்க, அப்படி எழுதினாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாதுங்கிறது வேற விஷயம், ஆனா நாளைக்கு அந்த வரியைக் காட்டி இன்னொரு அஞ்சு வாய்தா இழுப்பாங்க.

18 வயசு ஆகும்போது

144ல போட்ட ஆர்டர் சாதாரணமா பிள்ளைக்கு 18 ஆகுறதோட நிக்கும், சரியா காலேஜ் ஃபீஸ் கட்டுற நேரத்துல. கல்யாணம் ஆகாத பொண்ணு தன்னைத்தானே பாத்துக்க முடியாத நிலையில இருந்தா இந்துக்களுக்கு 1956ஆம் வருஷ சட்டம் பிரிவு 20ல 18க்கு மேலயும் கேக்க உரிமை இருக்கு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணியிருக்கு, ஆனா அதைத் தனி வழக்கா போடணும். பையனுக்கு வழி குறைவு. அதனால ஒப்பந்தம் போடுற வாய்ப்பு இருந்தா "18 வயது வரை"ன்னு எழுதாம "முதல் டிகிரி முடிக்கும் வரை"ன்னு எழுத வைக்கப் பாருங்க. கேஸ் நடந்து ஆர்டர் வாங்கினவங்க பிள்ளை பதினொண்ணாவது சேரும்போதே இதைப் பத்தி வக்கீல்கிட்ட பேச ஆரம்பிச்சுருங்க, அதுவரைக்கும் சேர்ந்த பாக்கி எல்லாத்துக்கும் அந்த ஒரு வருஷக் கெடுவுக்குள்ள மனு போட்டிருக்கான்னும் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.